காமிராக் கடைக்குப் போகுமுன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஏறிப் பேசுவோர் பெரும்பாலும் பட்டம் பல பெற்ற அறிஞர்கள். யாமோ பத்தாம் வகுப்புத் தேறியதோடு ஏட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பேரேடும் கோப்புமாகக் காலங் கழித்து வருகின்றோம். திரைப்படக் கலையைப் பற்றிப் பேச ஒரு குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். அக்கலையின் நுட்பங்களை ஆராய யாம் இங்கு வரவில்லை. அதனைக் கற்கப் புறப்படும் பிள்ளைக்கு ஒரு நடுத்தரக் குடும்பம் எவ்வாறு ஆயத்தம் செய்தல் வேண்டும், முதற் காமிராவை எவ்வாறு தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதைப் பற்றியே சில சொல்ல வந்துள்ளோம். இது பெரும்பாலும் வரவு செலவுச் செய்தி. வரவு செலவு குமாஸ்தாவின் எல்லைக்கு உட்பட்டதன்றோ?

எம் மகள் இவ்வாண்டு கல்லூரிப் பட்டப் படிப்பை முடிக்கின்றாள். அடுத்துத் திரைப்படக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதி, ஒளிப்பதிவு பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்கு ஆயத்தமாக ஒரு வீடியோ காமிரா வேண்டும் என்றாள். அவள் முதலில் எழுதிக் காட்டிய பட்டியலின் கூட்டுத்தொகை எம்முடைய ஐந்து மாதச் சம்பளத்தை விழுங்கி நின்றது. சேமநிதியில் கை வைத்தாலன்றி அது முடியாது. அந்நிதியை அவள் திருமணத்திற்கென்று உறவினர் கணக்கு வைத்திருந்தனர்; ஓய்வுக்குப் பின் திருச்சியில் ஒரு சிறு வீட்டிற்கென்று அவள் தாயார் கணக்கு வைத்திருந்தார். செய்தி ஊருக்கு எட்டியதும் எம் தங்கை தொலைபேசியில் அழைத்து, "ஏன் அண்ணா, வயது வந்த பெண்ணைச் சினிமாவுக்கா அனுப்பப் போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

ஆகவே எம் முன் இரண்டு கேள்விகள் நின்றன. சினிமாவைக் கல்லூரியில் சேர்ந்து கற்பது தக்கதா என்பது ஒன்று. தக்கதெனின், அதற்கென முன்கூட்டியே எவ்வளவு செலவிடுவது, எதற்குச் செலவிடுவது என்பது மற்றொன்று. இவ்வரங்கில் எம்மைப் போன்ற நிலையில் உள்ள பெற்றோர் பலர் இருத்தல் கூடும். ஆதலின் யாம் தேடித் தெரிந்துகொண்டவற்றைப் பொதுவில் வைக்கின்றோம்.

ரயிலும் திரையும்

திரைப்படத்திற்கும் எம் இலாகாவிற்கும் பிறவித் தொடர்பு உண்டு. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்கு அசையும் படங்களைக் காட்டினர். அவர்களுடைய தொடக்க காலப் படங்களுள் உலகெங்கும் பெயர் பெற்றது, லா சியோத்தா என்னும் ஊரின் நிலையத்தில் ஒரு ரயில் வந்து நிற்கும் காட்சியே. 1896 ஜூலை 7ஆம் நாள் அச்சகோதரர்களின் படங்கள் பம்பாய் வாட்சன் ஓட்டலில் காட்டப்பெற்றன. பின்னர்த் தென்னாட்டின் ஊர்தோறும் படத்தைக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் யார்? திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்களே. 1905ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் எழுப்பினார். ஆகவே ரயில்வேக் குடும்பத்துப் பெண் சினிமாவை நாடுவது குலத்துக்குப் புதிது என்று இனி எவரும் சொல்ல இயலாது.

வின்சென்ட் படத்தைக் காட்டியவர். படத்தை எடுக்க முனைந்தவர்களோ முதலில் கற்றார்கள், பின்னரே எடுத்தார்கள். சென்னையில் மோட்டார் உதிரிபாக வணிகம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார் புனே நகருக்குச் சென்று, ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் பயின்று திரும்பி, 'கீசக வதம்' என்னும் மௌனப் படத்தை எடுத்தார். தென்னாட்டின் முதற் கதைப்படம் என்று போற்றப்படுவது அதுவே. ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலையைப் பயின்றார். அதன் பின்னரே நாடு நாடாக அலைந்து, காந்தியடிகளைப் பற்றிய படத் துணுக்குகளைத் திரட்டி, 1940ஆம் ஆண்டில் முழுநீள ஆவணப் படமாக வெளியிட்டார்.

அன்று ஆசானைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இன்று வாயில்கள் பல திறந்துள்ளன. சென்னையில் 1945ஆம் ஆண்டில் தோன்றிய பயிற்சிக்கூடம் இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயர் தாங்கி நிற்கின்றது. புனேயில் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960ஆம் ஆண்டில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி தொடங்கப்பெற்றது. நாம் வாழும் தில்லியிலேயே ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் 1982ஆம் ஆண்டு முதல் மக்கள் தொடர்பு ஆய்வு மையம் இயங்கி வருகின்றது. கல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரால் 1995இல் ஒரு கல்லூரி எழுந்தது.

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா கடல் கடந்து வந்து புனேயில் ஒளிப்பதிவு கற்றார். நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்த தமிழர் அவர். பெண்களைப் பற்றிக் கேட்பீர்களாயின், பி.ஆர். விஜயலட்சுமி 1985ஆம் ஆண்டில் 'சின்ன வீடு' படத்திற்கு ஒளிப்பதிவாளராகத் திகழ்ந்தார். ரேவதி இயக்கி 2002இல் வெளிவந்த 'மித்ர், மை பிரெண்ட்' என்னும் படத்திற்கு ஒளிப்பதிவு செய்த ஃபௌசியா ஃபாத்திமா புனேயில் பயின்றவர். அதே புனேக் கல்லூரியின் மாணவியான பாயல் கபாடியா 2024ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கான் விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் என்னும் உயரிய பரிசைப் பெற்றார். திரையுலகிலிருந்து வந்தோரை முதலமைச்சர்களாக அமர்த்தி அழகு பார்த்த நம் தமிழ்நாடு, அத்திரைக் கலையைப் பிள்ளைகள் முறையாகக் கற்பதற்கு மட்டும் முகஞ் சுளிப்பது நியாயமா? முதற் கேள்விக்கு எம் இல்லத்தில் கிடைத்த விடை, 'தக்கதே' என்பதாகும்.

இனி இரண்டாம் கேள்வி. திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசன் போருக்குப் புறப்படுமுன் அறிய வேண்டியவை அவை. குமாஸ்தா காமிராக் கடைக்குப் புறப்படுமுன் அறிய வேண்டியவையும் அவையே என்பது எம் கருத்து.

வலியறிதல்

முதலில் அறிய வேண்டியது கல்லூரியின் வலிமை. உயர்ந்த காமிராக்கள், விளக்குகள், ஒலிப்பதிவுக் கருவிகள், படத்தொகுப்பு அறைகள் எல்லாம் கல்லூரியில் உள்ளன. மாணவன் அவற்றை இல்லத்திலிருந்து சுமந்து செல்ல வேண்டியதில்லை. எழுத்துத் தேர்விலும் அதன் பின்னர் வரும் நேர்முகத்திலும் ஆராயப்படுவது அவனுடைய பார்வையும் சிந்தனையும் ஆகும்; அவன் தோளில் தொங்கும் பெட்டியின் விலை அன்று. ஆகவே கல்லூரிக்கு முன் வாங்கும் காமிரா, எழுத்துப் பழகும் சிலேட்டுக்கு ஒப்பானது. சிலேட்டைத் தங்கத்தால் செய்வார் உண்டோ?

ஆனால் சிலேட்டிலும் எழுத்துப் பதிய வேண்டும். எம் மகளும் யாமும் பலரைக் கேட்டும் படித்தும் நான்கு இலக்கணங்களை வகுத்துக்கொண்டோம்.

முதலாவது, எல்லாவற்றையும் கையால் திருத்தும் வசதி. லென்சின் துளை எவ்வளவு திறக்கின்றது, ஷட்டர் எவ்வளவு நேரம் ஒளியை விடுகின்றது, காமிரா அவ்வொளியை எவ்வளவு பெருக்கிக் கொள்கின்றது என்னும் மூன்றுமே படத்தின் வெளிச்சத்தை ஆள்கின்றன. இவற்றைக் காமிராவே தீர்மானித்துக்கொள்ளுமானால் பிள்ளை ஒன்றும் கற்பதில்லை. இருட்டாகியும் வெளுத்தும் பத்து முறை படம் கெட்டால்தான் பதினோராம் முறை கண்ணுக்குக் கணக்குப் புலப்படும்.

இரண்டாவது, ஒலி. வெளி மைக்கைச் செருகும் துளை இருத்தல் வேண்டும். பதிவாகும் ஒலியைக் காதில் மாட்டிக் கேட்கும் துளையும் இருந்தால் மிக நன்று. மங்கலான படத்தைக் கூட மக்கள் பொறுத்துக்கொள்வர். புரியாத பேச்சைப் பொறுக்கமாட்டார். தில்லிக் குடியிருப்புகளில் மின்விசிறியும் கூலரும் தெருவின் ஹாரனும் சேர்ந்து செய்யும் கச்சேரியை நீங்கள் அறிவீர்கள். காமிராவில் உள்ள மைக் அக்கச்சேரியை எல்லாம் பதிவு செய்யும். பேசுபவரின் சட்டையில் குத்திய சிறு மைக்கே அவர் குரலைக் காப்பாற்றும்.

மூன்றாவது, லென்சை மாற்றும் வசதி. மாற்றும் வசதி வேண்டும் என்பதால் பல லென்சுகளை வாங்க வேண்டும் என்பதில்லை. முதலாண்டிற்கு ஒன்றே போதும். காமிராவின் உள்ளே படம் விழும் உணரி பழைய பிலிம் அளவாகிய 36க்கு 24 மில்லிமீட்டர் இருப்பின் அது முழு அளவு எனப்படும். தொடக்க நிலைக் காமிராக்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். இவ்வளவுள்ள உணரியில் 35 மில்லிமீட்டர் லென்ஸ், முழு அளவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அகலத்தையே காட்டும். அருகில் வேண்டுமாயின் நடந்து செல். அகலம் வேண்டுமாயின் பின்னால் நகர். கால்களும் கற்க வேண்டும் அல்லவா?

நான்காவது, எடை. கனமான காமிரா பீரோவில் உறங்கும். இலேசான காமிரா பையில் ஏறி நாள்தோறும் வெளியே வரும்.

இவ்விலக்கணங்களைக் கொண்டு பார்க்கையில் சில காமிராக்கள் கண்ணில் பட்டன. 2021இல் வந்த சோனி இசட்.வி.-ஈ10இல் மைக் துளையும் காதொலித் துளையும் உண்டு. ஆனால் கைநடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு அதன் உடலில் இல்லை. 2022இல் வந்த நிக்கான் இசட்30, 2023இல் வந்த கேனான் ஆர்50 ஆகியவற்றில் மைக் துளை உண்டு. காதொலித் துளை இல்லை. 2017இல் வந்த பானாசோனிக் ஜி.எச்.5இல் இவை மூன்றும் உண்டு; உணரி மட்டும் சற்றே சிறியது. குறையே இல்லாத காமிரா என்று ஒன்றில்லை. எந்தக் குறையோடு வாழ இயலும் என்று தீர்மானிப்பதே தேர்வு.

சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி என்னும் சந்து முழுவதும் காமிராக் கடைகள் என்பதைத் தில்லிவாசிகள் அறிவர். ஆங்கே ஒரு கடைக்காரர், "நான்கு கே இல்லாத காமிராவை வாங்கிப் பெண்ணின் எதிர்காலத்தைக் கெடுக்காதீர்கள், சாகிப்" என்று எமக்கு உபதேசம் செய்தார். எம் மகள் கைப்பேசியில் கணக்கிட்டுக் காட்டினாள். முழு ஹெச்.டி. என்பது 1920க்கு 1080. ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள். நான்கு கே என்பது 3840க்கு 2160. ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். புள்ளிகள் நான்கு மடங்கு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நிமிடத்திற்கு 750 மெகாபைட். ஒரு மணிக்கு 45 ஜிகாபைட். ஒன்று கெட்டால் மற்றொன்று என்று இரு பிரதிகள் வைத்தால் 90. அதனைத் திறந்து வெட்டி ஒட்டப் புதிய கணிப்பொறியும் வேண்டும். காமிராவின் விலைச்சீட்டில் காணப்படாத விலை இது. நான்கு கே இருந்தால் இருக்கட்டும்; பழகுவதற்கு முழு ஹெச்.டி. போதும் என்று தீர்மானித்தோம்.

காமிராவிற்கெனக் குடும்பம் ஒதுக்கக்கூடிய தொகை 100 பங்கு எனக் கொண்டால், காமிராவும் லென்சும் 60, மைக்கும் காதொலிப்பானும் 15, நினைவக அட்டையும் சேமிப்புத் தட்டும் 15, முக்காலி 10 என்று பிரித்துக்கொண்டோம். 100 பங்கையும் காமிராவிலேயே கொட்டிவிட்டு, கைநடுங்கும் படத்தையும் கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரலையும் எடுப்பதில் பயனில்லை. படத்தொகுப்பிற்கு டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பே இருக்கின்றது. அதற்கு ஒரு காசும் ஒதுக்கத் தேவையில்லை.

காலமறிதல்

சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பை 1952ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கினார். வெண்ணிற நாணற்பூக்கள் மண்டிய வெளியில் அண்ணனைப் போல் அக்காளும் தம்பியுமாக இரு சிறுவர் நடந்து, முதன்முதலாக ரயிலைக் காணும் காட்சி அது. ஒரு நாள் எடுத்துவிட்டு, சில நாள் கழித்துத் திரும்பியபோது பூக்கள் இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டன. அடுத்த பருவத்தில் பூக்கும்வரை அவர் காத்திருந்தார். அப்படத்தின் ஒளிப்பதிவாளராகிய சுப்ரதோ மித்ரா, அதற்கு முன் திரைப்படக் காமிராவை இயக்கியவரே அல்லர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 21. காத்திருக்கும் மனமும் காணும் கண்ணும் கருவிக்கு முன்னால் நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே ஓராண்டு ஆயத்தத்தை யாம் ஒரு கால அட்டவணையாக வகுத்தோம். ரயில்வேக்காரனுக்கு அட்டவணை இன்றி எதுவும் ஓடாது. முதல் மூன்று மாதம் காமிரா வாங்குவதில்லை, கைப்பேசியே கருவி. ஐபோன் 5எஸ் என்னும் கைப்பேசியைக் கொண்டே அமெரிக்காவில் ஷான் பேக்கர் 'டேஞ்சரின்' என்னும் முழுநீளப் படத்தை எடுத்து 2015இல் வெளியிட்டார் என்பதை எம் மகளே எமக்குச் சொன்னாள். அம்மூன்று மாதத்தில் அவள் செய்த பயிற்சிகள் எளியவை. ஒரே சன்னலைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் எடுத்து ஒளி எவ்வாறு நகர்கின்றது என்று பார்ப்பது. பாட்டி கீரை ஆய்வதை ஐந்தே துண்டுகளாக எடுத்து, ஒரு நிமிடத்தில் கதையாக்குவது. பேச்சே இல்லாமல் ஒருவர் கோபமாக இருப்பதைக் காட்டுவது. மூன்று மாதமும் சலியாமல் செய்தால் மட்டுமே கடைக்குப் போவது என்பது உடன்படிக்கை. அவள் சலிக்கவில்லை, பாட்டிதான் சலித்துக்கொண்டார்.

பிலிம் காலத்தில் மாணவர்க்குச் சுருள் அளந்து தரப்பட்டது. 35 மில்லிமீட்டர் சுருள் 400 அடி ஓடினால் ஏறத்தாழ நாலரை நிமிடம், அவ்வளவே. ஆதலின் பொத்தானை அழுத்துமுன் பன்முறை சிந்தித்தனர். இன்று 64 ஜிகாபைட் அட்டை ஒரு மணிக்கு மேல் இடந் தருவதால் சிந்தனைக்கு வேலையில்லாமற் போகின்றது. ஆகவே ஒரு பயிற்சிக்கு நாலரை நிமிடத்திற்கு மேல் பதிவு செய்வதில்லை என்னும் விதியை அவள் தனக்குத்தானே விதித்துக்கொண்டாள்.

நான்காம் மாதத்தில், ஒருவர் பயன்படுத்தி விற்ற காமிராவை வாங்கினோம். புதிய மாதிரி வந்ததும் பழையதின் விலை இறங்கும். அவ்விறக்கத்தை முதலில் வாங்கியவர் சுமக்கட்டும். பழையதை வாங்குவோர் சில சோதனைகளைச் செய்தல் நலம். வெள்ளைச் சுவரை லென்சின் துளையைச் சுருக்கி எடுத்தால் உணரியில் உள்ள தூசும் கறையும் புள்ளிகளாகத் தெரியும். மைக்கைச் செருகி அசைத்தால் கரகரப்பு உண்டா என்று கேட்கும். மின்கலம் அரைமணியேனும் தாங்குகின்றதா என்று நின்று பார்த்தல் வேண்டும். உடலில் பொறித்த எண்ணும் பழைய ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எல்லாம் சேர்ந்தும் செலவு முதற் பட்டியலின் மூன்றில் ஒரு பங்கிற்குள் முடிந்தது. சேமநிதி தொடப்படவில்லை.

அதனைத் தொடாமல் வைத்ததற்குக் காரணம் உண்டு. பாலு மகேந்திரா புனேயில் தங்கப் பதக்கத்தோடு தேறியது 1969ஆம் ஆண்டில். அவர் ஒளிப்பதிவு செய்த 'நெல்லு' என்னும் மலையாளப் படம் வெளிவந்தது 1974ஆம் ஆண்டில். தங்கப் பதக்கம் பெற்றவர்க்கே இவ்வளவு இடைவெளி எனின், ஏனையோர்க்கு எவ்வளவு இருத்தல் கூடும்? பெற்றோர் பணம் தேவைப்படுவது கல்லூரிக்கு முன்னால் அன்று; கல்லூரியை முடித்து முதல் வாய்ப்புக் கிட்டும்வரை வாடகையும் சாப்பாடுமாகக் கழியும் அந்த நாட்களில்தான். சேமநிதி அந்நாட்களுக்குக் காவல் நிற்கட்டும்.

இடனறிதல்

காமிராவைப் பற்றிய நூல்களும் படங்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அந்நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 60 சுற்று; நம் நாட்டில் 50. அவர்கள் சொல்லும் எண்களை நாம் அப்படியே வைத்துக்கொண்டால், குழல்விளக்கின் கீழ் எடுத்த படம் படபடவென்று துடிக்கும். நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு நொடி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் அத்துடிப்பு அடங்கிவிடும். இது எளிய செய்தி. ஆயினும் இதனை அறியாமல் காமிராவைப் பழுதென்று திருப்பிக் கொடுக்கச் சென்றவர்களும் உண்டு.

தில்லியின் ஒளியையும் அறிதல் வேண்டும். டிசம்பர் இறுதியில் இங்கு நண்பகற் சூரியனே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 38 பாகை உயரந்தான் ஏறுகின்றது. ஜூன் மாதத்திலோ 85 பாகை ஏறி, உச்சந்தலையில் நிற்கின்றது. குளிர்காலத்தில் நாள் முழுதும் சாய்ந்த, மெல்லிய ஒளி. முகங்கள் அழகு பெறும். கோடையில் கண்குழிகள் கறுத்துவிடும். வீட்டினுள் எடுப்போர்க்கு விலையில்லா விளக்கு ஒன்று உண்டு. 1956இல் வந்த 'அபராஜிதோ'வில் காசி நகர வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் அமைத்தபோது, சுப்ரதோ மித்ரா மேலே வெண்துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பி வருமாறு செய்து, திறந்த வானத்து ஒளியை அங்கே கொண்டுவந்தார். எம் இல்லத்தில் அத்தொண்டைச் செய்வது எட்டு முழ வேட்டி.

இடத்தின் விதிகளையும் அறிதல் வேண்டும். தொல்லியல் துறையின் காவலில் உள்ள சின்னங்களில் முக்காலியை நிறுத்த முன்னனுமதி வேண்டும். ரயில் நிலையங்களில் படப்பிடிப்பு நடத்தவும் அனுமதி வேண்டும். ரயில்வே ஊழியரின் மகள் என்பதனால் விலக்கில்லை என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியுள்ளோம். ஓடும் வண்டியின் சன்னலிலிருந்து எடுத்தபோது அவள் ஒரு வியப்பைக் கண்டாள். நேராக நிற்கும் மின்கம்பங்கள் படத்தில் சாய்ந்து ஓடின! உணரி படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றது; கடைசி வரியைப் படிப்பதற்குள் கம்பம் நகர்ந்துவிடுகின்றது. கருவி காண்பதெல்லாம் மெய்யன்று என்னும் பாடத்தை அக்கம்பங்களே அவளுக்குக் கற்பித்தன.

சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம்

பெரியோர்களே! இதுகாறும் ஒரு குடும்பத்தின் கணக்கைச் சொன்னோம். எம் இல்லத்திற்கு இயன்றது எல்லா இல்லத்திற்கும் இயலாது. இவ்வரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் கண்ணும் கதையும் உடையவர் பலர். கருவிக்கு வழியற்றவரும் பலர். ஆகவே ஒரு வேண்டுகோள். நம் சங்க நூலகத்தில் புத்தகங்களை இரவல் தருவது போல், ஒரு சிறு காமிரா, ஒரு முக்காலி, இரண்டு மைக் ஆகியவற்றையும் வாங்கி வைத்து, திரைக்கலை பயில விரும்பும் பிள்ளைகளுக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் பெற்றுத் தந்துதவ வேண்டுகின்றோம். பதிவேட்டைப் பராமரிக்கும் பணியை ஒரு குமாஸ்தா மகிழ்ந்து ஏற்பான்.

இதற்குக் கட்டணமாகப் பணம் பெற வேண்டாம். இரவல் பெறும் ஒவ்வொரு பிள்ளையும் நம் சங்கத்து முதியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அவர் குரலிலேயே பதிவு செய்து தருதல் வேண்டும் என்பதே கட்டணமாக இருக்கட்டும். ஜி.டி. எக்ஸ்பிரசில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கி, இந்தி ஒரு சொல்லும் தெரியாமல், குளிருக்குக் கம்பளியும் இல்லாமல், இத்தலைநகரில் தமிழுக்கு ஓர் இடம் தேடிய தலைமுறை அது. அவர்களுள் முன்வரிசையில் அமர்ந்திருந்த சிலருடைய நாற்காலிகள் இவ்வாண்டு வெறுமையாயின. அவர்கள் குரல் எங்கும் பதிவாகவில்லை. எஞ்சியிருப்போர் கண்ணெதிரே இருக்கின்றனர். கதை தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. கருவிக்காகக் கடன்பட வேண்டியதும் இல்லை. பிள்ளை தன் கைத்தொழிலைப் பழகும். சங்கம் தன் வரலாற்றைப் பெறும். நேர்முகத்தில் அமரும் நாளில் அப்பிள்ளைக்குச் சொல்வதற்கு உண்மையான ஒன்று இருக்கும்.

குளிர்காலத்தின் சாய்ந்த ஒளி அடுத்த மாதமே தொடங்குகின்றது. அதற்குள் நிர்வாகக் குழுவினர் இதனை ஆய்ந்து முடிவு செய்வார்களாக.